பழைய விலாசம்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், பந்திக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா கேட்டார்: "தம்பி, நீங்களும் கம்ப்யூட்டர்தானே? என் பேரன் புனேயில வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகுது. போன் பண்ணினா, 'வெக்டர் இடம் மாறிடுச்சு பாட்டி, பாயிண்டர் பழைய இடத்திலேயே நின்னுடுச்சு, அதான் லேட்டு'ங்கறான். யாரு இடம் மாறினா? எதுக்கு மாறணும்?"

அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். சாம்பார் வந்த பிறகு வெக்டரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் கேள்வி மனத்தில் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தப் பேரன் சொன்ன அதே விஷயத்தில் நான் ஒருமுறை பலமாக அடிபட்டவன். அடிபட்டவன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. என் தவறுக்கு அடி வாங்கியவர் வேறொருவர். அதைக் கடைசியில் சொல்கிறேன். பெரியம்மாவுக்காக ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறேன். இன்ஜினியரிங் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் தெரிந்த பகுதிகளைத் தாண்டிப் போகலாம்.

கம்ப்யூட்டரின் நினைவகத்தை மும்பைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். மிக நீளமான ஒரு சால். ஒரே வரிசையில் அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். ஒரு அறையில் ஒரு பைட் தங்கும். சாதாரணமாக ஒரு முழு எண்ணுக்கு 4 பைட் வேண்டும். நான்கு எண்களை வரிசையாக வைக்க விரும்பும் புரோகிராம் அடுத்தடுத்து 16 அறைகளைக் கேட்டு வாங்குகிறது. முதல் எண் 1000-ல் என்றால் அடுத்தவை 1004, 1008, 1012. மூன்றாவது எண் எங்கே என்று யாரையும் விசாரிக்க வேண்டாம். ஆரம்பத்தோடு எட்டைக் கூட்டினால் போதும். பத்து லட்சமாவது எண்ணுக்கும் அதே ஒரு பெருக்கல், ஒரு கூட்டல்தான். இன்னொரு லாபமும் உண்டு. பிராசசர் ஓர் அறையைப் படிக்கப் போகும்போது பக்கத்து அறைகளையும் சேர்த்து, பெரும்பாலும் 64 பைட்டாக, அள்ளிக்கொண்டு வந்துவிடும். அடுத்தடுத்து இருப்பவர்களுக்கு வேலை வேகமாக நடக்கும்.

இப்போது ஐந்தாவது எண் ஒன்று வருகிறது. 1016-ல் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அவர்களை எழுப்ப முடியாது. ஐந்தாவதை மட்டும் வேறு தெருவில் வைத்தால் நம் கூட்டல் கணக்கு கெட்டுப்போகும். ஆகவே ஒரே வழிதான்: பெரிய இடமாகப் பார்த்து, பழைய நான்கையும் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்து, ஐந்தாவதைச் சேர்த்து, பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. குடும்பம் பெருகினால் வீடு மாறும் நம் கதையேதான்.

சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் இந்த வேலையைத் தானே செய்துகொள்ளும் வரிசைக்குத்தான் வெக்டர் என்று பெயர். மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அலெக்ஸாண்டர் ஸ்டெபனாவும், அவருடன் மெங் லீயும் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தில் உருவாக்கிய நூலகத்தின் ஒரு பகுதி அது. 1994-ல் அந்த நூலகம் சி ப்ளஸ் ப்ளஸ் தர வரைவில் ஏற்கப்பட்டது. 1998-ல் வந்த ஐ.எஸ்.ஓ. தரத்தில் அச்சேறியது. நினைவகத்தைக் கேட்டு வாங்கி, அளந்து, திருப்பிக் கொடுத்து என்று கையால் செய்துகொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். "பின்னால் ஒன்று சேர்" என்று சொன்னால் போதும். மற்றதை வெக்டர் பார்த்துக்கொள்ளும். எனக்கு வந்த தலைவலியெல்லாம் இந்த "மற்றதை"யில்தான் ஒளிந்திருந்தது.

புது இடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இங்கேதான் அழகான ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவர் வந்தால் ஒரே ஓர் இடம் கூடுதலாகப் பார்ப்பது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் ஒவ்வொருவராக வந்து சேர்வதற்குள், பழையவர்களைத் தூக்கி வைக்கும் வேலை எத்தனை தடவை? 1, 2, 3 என்று 999 வரை கூட்டினால் 4,99,500. ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக இடம் பிடித்தால்? 1, 2, 4, 8 என்று 512 வரை கூட்டினால் வெறும் 1,023. ஆயிரம் பேருக்கு ஆயிரத்துச் சொச்சம் தூக்கல். ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் வெக்டருக்கு இரண்டு அளவுகள் உண்டு: இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை, எத்தனை பேர் வரை தாங்கும் என்ற கொள்ளளவு. எவ்வளவு பெருக வேண்டும் என்று தரம் கட்டாயப்படுத்துவதில்லை. ஜி.சி.சி. கம்பைலரின் நூலகம் இரட்டிப்பாக்குகிறது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ஒன்றரை மடங்காக்குகிறது. ஜி.சி.சி.யில் காலியாகத் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 2, 3, 5, 9, 17, 33, 65 என்ற எண்ணிக்கைகளில் வீடு மாறும். 33, 65 இரண்டையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெக்டர் வீடு மாறியது யாருக்குத் தெரியும்? வெக்டருக்கு மட்டும். ஜி.சி.சி.யில் அதன் உள்ளே மூன்றே விலாசங்கள் இருக்கின்றன: ஆரம்பம் எங்கே, கடைசி ஆள் எங்கே முடிகிறார், வாங்கிய இடம் எங்கே முடிகிறது. மாறியவுடன் இந்த மூன்றையும் திருத்திக்கொள்ளும். வெளியே யாராவது "மூன்றாவது ஆள் 1008-ல் இருக்கிறார்" என்று ஒரு சீட்டில் குறித்து வைத்திருந்தால், அந்தச் சீட்டைப் பற்றி வெக்டருக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சீட்டைத்தான் பாயிண்டர் என்கிறோம். வரிசையில் ஒருவர்பின் ஒருவராக விரல் வைத்துக்கொண்டு போக உதவும் சீட்டுக்கு இட்டரேட்டர் என்று பெயர். வெக்டரைப் பொறுத்தவரை அதன் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் ஒரு விலாசம்தான்.

என் சிறு வயதில் நாங்கள் மாட்டுங்காவில் ஒற்றை அறையில் இருந்தோம். தங்கை பிறந்த பிறகு செம்பூர். ஊரிலிருந்து சித்தப்பா வந்து சேர்ந்த பிறகு டோம்பிவிலி. அப்பா புது விலாசத்தை எல்லோருக்கும் கார்டு போட்டுத் தெரிவித்தார். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்த அப்பாவின் அத்தைக்கு எழுத விட்டுப்போயிற்று. அவர் இன்லண்ட் லெட்டரை மாட்டுங்கா விலாசத்துக்கே போட்டுக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. பக்கத்து அறைக்காரர் வாங்கி வைத்து, அப்பா அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிடுவார். அவரும் காலி செய்த பிறகு கடிதங்கள் எங்கே போயின என்று தெரியாது. அத்தையோ, நாம் பதில் போடுவதில்லை என்று ரொம்ப நாள் கோபமாக இருந்தார்.

செத்த பாயிண்டரின் குணமும் இதுவேதான். பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்த நிமிஷமே அது இடிந்து விழுவதில்லை. அடுத்தவர் குடிவரும் வரை உள்ளே இருந்தவை பெரும்பாலும் அப்படியே கிடக்கும். பழைய சீட்டைக் கொண்டு படித்தால் சரியான விடையே கிடைக்கலாம். எழுதினால் எழுதியது நிற்கவும் நிற்கலாம். உடனே புரோகிராம் கவிழ்ந்தால் அது நல்ல காலம். கவிழாமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. சி ப்ளஸ் ப்ளஸ் தரமும் இந்த நிலையில் என்ன நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. சரியாக நடப்பது உள்பட எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

இனி என் கதை. 2006-ல் புறநகரில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக ஒரு புரோகிராம் எழுதினேன். பெயர் வேண்டாம். வாசல் கவுண்ட்டரில் ஒவ்வொரு நோயாளியின் சாம்பிளையும் பதிவு செய்வார்கள். அது அன்றைய வெக்டரில் பின்னால் போய்ச் சேரும். உள்ளே டெக்னீஷியன் ஒரு சாம்பிளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு ஜன்னல் திறக்கும். சர்க்கரை இவ்வளவு, பொட்டாசியம் இவ்வளவு என்று அடித்துவிட்டு மூடுவார். அந்த ஜன்னலுக்கு நான் கொடுத்தது, வெக்டருக்குள் இருந்த அந்த சாம்பிளின் பாயிண்டர். வேகமாக இருக்கும் என்று நினைத்தேன். வேகமாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு புகார் வந்தது. வாரத்துக்கு ஒன்றிரண்டு ரிப்போர்ட்டுகள் அச்சாகும்போது எண்கள் இல்லாமல் வெறுமையாக வருகின்றன. டெக்னீஷியன் ஒரு இளம் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "நான் அடித்தேன், ஸ்க்ரீனில் பார்த்தேன், அதற்குப் பிறகுதான் மூடினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வயதான ஒருவரிடம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய மகன் வந்து கூச்சல் போட்டார். நிலையத்தின் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் ஆபீஸில் இருபது சாம்பிள்களைப் பதிவு செய்து, ஒவ்வொன்றாகத் திறந்து அடித்து, அச்செடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. "புரோகிராமில் தவறில்லை, அடிக்காமல் மூடியிருப்பார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள்.

வெறும் ரிப்போர்ட்டுகள் நிற்கவில்லை. மூன்றாவது தடவை போனபோது, வெறுமையாக வந்த ஏழு ரிப்போர்ட்டுகளின் நேரத்தையும், கவுண்ட்டர் பதிவேட்டின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஏழிலும், அந்த ஜன்னல் திறந்திருந்த நேரத்தில் வாசலில் ஒரு புது சாம்பிள் பதிவாகியிருந்தது. அதில் ஆச்சரியமில்லை, நாளெல்லாம் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்தப் புது சாம்பிள் அன்றைய வரிசையில் எத்தனையாவது என்று பார்த்தேன். ஐந்து நாள்களில் 33-ஆவது. இரண்டு நாள்களில் 65-ஆவது.

கையிலிருந்த டீயை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது லினக்ஸ் இயந்திரம், ஜி.சி.சி. கம்பைலர். 33-ஆவது சாம்பிள் வந்தவுடன் வெக்டர் 64 பேருக்கான புது இடத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டது. திறந்திருந்த ஜன்னல் மட்டும் பழைய விலாசத்தில் நின்றது. அந்தப் பெண் அடித்த எண்கள் காலி வீட்டில் போய் விழுந்தன. ஜன்னல் திரையில் காட்டியதும் அதே காலி வீட்டைப் பார்த்துத்தான். அதனால் அவர் அடித்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். அச்சு எடுக்கும் பகுதியோ வெக்டரைக் கேட்டுப் புது வீட்டுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. 5, 9, 17-இல் ஏன் நடக்கவில்லை என்றால், காலை ஏழு மணிக்கே வாசலில் கூட்டம் வந்துவிடும்; டெக்னீஷியன் உட்காரும் எட்டரைக்குள் இருபதைத் தாண்டியிருக்கும். என் ஆபீஸ் சோதனையில் ஏன் பிடிபடவில்லை? நான் இருபதையும் முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகுதான் ஜன்னல்களைத் திறந்தேன். குடும்பம் முழுவதும் குடியேறி முடிந்த பிறகு விலாசம் எழுதினால் தப்பு எப்படி வரும்?

ஊகத்தை நிரூபிக்க வால்கிரிண்ட் என்ற கருவியில் ஓடவிட்டேன். ஜூலியன் சுவர்ட் உருவாக்கி 2002-ல் வெளிவந்தது அது. புரோகிராம் நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும், அந்த இடம் இன்னும் நம்முடையதுதானா என்று பார்த்துக்கொண்டே வரும். பல மடங்கு மெதுவாகத்தான் ஓடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு 33-ஆவதைப் பதிவு செய்தவுடன், ஏற்கெனவே திருப்பிக் கொடுத்த இடத்தில் எழுதுகிறாய் என்று வரி எண்ணோடு சொல்லிவிட்டது. இப்போது ஜி.சி.சி.யிலும் கிளாங்கிலும் அட்ரஸ் சானிடைசர் என்ற வசதி கூடவே வருகிறது, வால்கிரிண்டைவிட வேகமானது. கல்லூரிப் பிள்ளைகள் இதைப் போட்டு ஓட்டிப் பார்க்காமல் அசைன்மென்ட் கொடுக்க வேண்டாம்.

"வீடு மாறும்போது வெக்டரே எல்லோருக்கும் கார்டு போட்டால் என்ன?" என்று பெரியம்மா கேட்கலாம். போடலாம். யாரிடம் தன் விலாசம் இருக்கிறது என்று அது ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும்; ஒவ்வொரு சீட்டு எழுதும்போதும் கிழிக்கும்போதும் அதில் குறிக்க வேண்டும். விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸின் டீபக் முறையில் உண்மையாகவே அப்படி ஒரு பதிவேடு உண்டு. செத்த இட்டரேட்டரைத் தொட்டால் அங்கேயே நிறுத்திவிடும். ஜி.சி.சி.யிலும் அப்படி ஒரு டீபக் முறை இருக்கிறது. எப்போதும் அப்படி ஓட்டினால் வேகம் போய்விடும். கேட்காத வசதிக்குக் காசு வாங்கக் கூடாது என்பது சி ப்ளஸ் ப்ளஸின் கொள்கை. ஆகவே கார்டு போடும் பொறுப்பு நம் தலையில்.

சட்டம் இதுதான். பின்னால் சேர்க்கும்போது கொள்ளளவு தாண்டினால், அந்த வெக்டருக்கான எல்லாப் பாயிண்டர்களும் இட்டரேட்டர்களும் செல்லாதவை. தாண்டாவிட்டால் முடிவைக் குறிக்கும் இட்டரேட்டர் மட்டும் செல்லாது. நடுவில் ஒன்றை நீக்கினால் அந்த இடமும் அதற்குப் பின்னால் உள்ளவையும் செல்லாது. ஏனென்றால் பின்னால் இருப்பவர்கள் ஒரு அறை முன்னால் நகர்ந்து உட்காருகிறார்கள். நான்காவதை நீக்கினால் ஐந்தாவது ஆள் நான்காவது அறைக்கு வருவார். வழக்கம்போல அடுத்த அறைக்கு நகர்ந்தால் அவரைப் பார்க்காமலே தாண்டிவிடுவோம். நீக்கும் கட்டளை அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதைத் திருப்பித் தரும். அதை வாங்கிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். இன்டர்வியூக்களில் விரும்பிக் கேட்கப்படும் கேள்வி இது. அதேபோல ஒரு வெக்டரைச் சுற்றிவரும் ஃபார் லூப்புக்குள்ளேயே அந்த வெக்டரில் ஆள் சேர்ப்பதும் வேண்டாம்.

நான் முதலில் செய்த வைத்தியம் மோசமானது. ரிசர்வ் என்ற கட்டளையால் தொடக்கத்திலேயே 200 பேருக்கு இடம் பிடித்து வைத்தேன். இனி மாறாது என்று நிம்மதி. என் மூத்த சகா பார்த்துவிட்டு, "டெங்கு சீசன்ல 201-ஆவது ஆள் வந்தா என்னப்பா பண்ணுவே?" என்றார். ரிசர்வ் நல்லதுதான், எண்ணிக்கை நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் தூக்கிவைக்கும் வேலையையே மிச்சப்படுத்தும். ஆனால் தெரியாத இடத்தில் அது ஆபத்தைத் தள்ளிப்போடும் வழி. ஒவ்வொருவர் வரும்போதும் "இன்னும் ஒருவருக்கு ரிசர்வ்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. பல நூலகங்களில் அது இரட்டிப்புக் கணக்கைக் கெடுத்து, நம்மை மறுபடி 4,99,500-க்குக் கொண்டுபோய்விடும்.

விலாசத்துக்குப் பதில் "வரிசையில் இத்தனையாவது" என்ற எண்ணை வைத்துக்கொள்ளலாம். வீடு மாறினாலும் மூன்றாவது ஆள் மூன்றாவதுதான். நடுவில் யாரையும் நீக்காத வரை இது போதும். என் புரோகிராமில் ரத்து செய்யும் வசதியும் இருந்ததால் அதுவும் போதவில்லை. கடைசியில், பாட்டிலில் ஒட்டும் லேபிள் எண்ணையே ஜன்னலுக்குக் கொடுத்து, மூடும்போது அந்த எண்ணுக்கு உரியவர் எங்கே என்று வெக்டரில் தேடச் செய்தேன். மாற்றியது மொத்தம் எட்டு வரிகள். ஆட்கள் நகரவே கூடாது என்றால் லிஸ்ட் இருக்கிறது. அதில் ஒருவரை நீக்கினால் அவருடைய விலாசம் மட்டுமே போகும். ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு தெருவில் இருப்பதால் நடை அதிகம்.

மற்ற மொழிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று ஒரு வார்த்தை. ஜாவாவின் அரேலிஸ்ட்டில் சுற்றிவரும்போது நடுவில் ஆள் சேர்த்தால் பெரும்பாலும் ஒரு பிழையை எழுப்பி நிறுத்திவிடும். 2015-ல் முதல் நிலைப் பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி இன்னும் கறார்: ஒருவர் கையில் உள் விலாசம் இருக்கும்போது வரிசையில் ஆள் சேர்க்கும் புரோகிராமைக் கம்பைல் செய்யவே மறுக்கும். முதலில் எரிச்சலாக இருக்கும். என் கதையை யோசித்தால் எரிச்சல் போய்விடும். தங்கள் மென்பொருளின் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் இப்படி நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. குரோம் உலாவிக்காரர்கள் 2020-ல் தங்கள் கடுமையான குறைகளைப் பற்றிச் சொன்ன கணக்கும் அதே அளவுதான். அதில் பாதி, திருப்பிக் கொடுத்த இடத்தைத் தொடுவதால் வருவது என்றார்கள். பெரியம்மாவின் பேரன் தாமதமாக வீடு திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எட்டு வரிகளை மாற்றிய மறுநாள் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். தவறு என்னுடையது என்று முதலாளியிடம் சொல்லி, எச்சரிக்கையைத் திரும்பப் பெறும்படி கேட்டேன். எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். பிறகு உள்ளே போய் அந்தப் பெண்ணிடம், நடந்ததை இந்த வீட்டு விலாசக் கதையாகவே இந்தியில் சொன்னேன். சோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். "ஸ்க்ரீனில் பார்த்தேன் என்று அன்றைக்கே சொன்னேனே, சார்" என்றார். அடுத்த சாம்பிளை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.